பாடசாலை நூலகத்துக்கு மென்பொருள் தெரிதல்

ஒருவரை ஆராய்ந்து நம்புதற்குத் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், அவ்வாறு தெளிந்தவரை வினையில் அமர்த்துதற்குத் 'தெரிந்து வினையாடல்' என மற்றோர் அதிகாரத்தை அதனை அடுத்தே வைத்தார். ஆராய்ச்சி முன்னும் நம்பிக்கை பின்னுமாக நிற்றல் வேண்டும் என்பது அவ்வைப்புமுறையாற் பெறப்படும். அரசனுக்கு வினைசெய்வாரைத் தெரிதற்குக் கூறிய முறை பாடசாலை நூலகத்துக்குக் கணினி மென்பொருள் தெரிதற்கும் பொருந்துமோ எனச் சிலர் நகைத்தல் கூடும். பொருந்தும் என்பதே என் கருத்து. இன்று நம் பாடசாலைகள் பலவற்றில் நம்பிக்கை முன்னும் ஆராய்ச்சி பின்னுமாக, சிலவிடத்து ஆராய்ச்சியே இன்றியும், இத்தெரிவு நடைபெறுகின்றது. அதனால் விளையுங் கேட்டினையும், அதனை நீக்கும் வழியினையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலக மென்பொருளின் பணி யாது என்பதை முதற்கண் தெளிதல் நன்று. சேர்வுப் பதிவேடு, நூற்பட்டியல் அட்டைகள், இரவற் பதிவேடு என நெடுங்காலமாகத் தனித்தனியே இருந்துவந்த மூன்றினையும் அது ஒன்றாக இணைக்கின்றது. நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பு, வகுப்பெண் ஆகியன ஒருமுறை பதியப்பட்டால், மாணவன் அவற்றுள் எதனாலும் அந்நூலைத் தேடலாம். அது அலுமாரியில் உள்ளதா, பிறர் கையில் உள்ளதா, எந்நாளில் மீளும் என்பனவும் உடன் புலப்படும். சீர்காழியிற் பிறந்து, கணிதம் கற்பித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்ட சீ. இரா. அரங்கநாதன், வாசகனின் நேரத்தைக் காத்தலையும் நூலகத்தின் கடமைகளுள் ஒன்றாக வைத்தார். கணினி அக்கடமைக்கு உதவுமாயின் வரவேற்கத்தக்கதே.

இனி, தெரிவு நடைபெறும் முறையை நோக்குவோம். பழைய மாணவர் சங்கம் ஒன்று கணினிகளை அன்பளிப்புச் செய்கின்றது. விற்பனையாளர் ஒருவர் வந்து தம் மென்பொருளை இயக்கிக் காட்டுகின்றார். பார்கோட் கருவியின் ஒளி நூலின்மீது பட்டதும் அதன் விபரமெல்லாம் திரையில் விரிகின்றது, கண்டோர் வியக்கின்றனர், விலை பேசப்படுகின்றது. ஆயின் அன்று காட்டப்பெற்ற நூல்கள் யாவும் பின்னட்டையில் ஐ.எஸ்.பி.என். இலக்கம் பொறித்த புதிய ஆங்கில நூல்களே. அவ்விலக்கமுறை 1970இலேதான் அனைத்துலக நியமமாயிற்று. அதற்கு முன் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் அச்சேறி, முன்னட்டை கிழிந்து நம் அலுமாரியில் நிற்கும் புராண உரை எவ்வாறு பதியப்படும் என்று அவ்விடத்தே எவரும் வினவுவதில்லை.

யான் முன்னர்ப் பணியாற்றிய ஒரு பாடசாலையில் இவ்வாறு வாங்கிய மென்பொருளொன்றில், நூலகப் பொறுப்பாசிரியையும் மாணவர் சிலரும் ஏறத்தாழ ஈராண்டு உழைத்து நாலாயிரம் நூல்கள்வரை பதிந்தனர். மூன்றாம் ஆண்டிற் கணினி பழுதுற்றது. புதிய கணினியில் அம்மென்பொருளை நிறுவுதற்கு வேண்டிய உரிமக் குறியீட்டை வழங்கவேண்டியவரோ அத்தொழிலையே விட்டுச் சென்றிருந்தார். பழைய வன்தட்டிலிருந்து கோப்பினை மீட்டோம். அதனைத் திறக்க வேறெந்த மென்பொருளாலும் இயலவில்லை. ஒருநாட் பிற்பகல், அவ்வாசிரியை பழைய சேர்வுப் பதிவேட்டை மேசையில் விரித்து வைத்து முதலாம் இலக்கத்திலிருந்து மீண்டும் எழுதத் தொடங்கியதை யான் கண்டேன். அவர் எவரையும் நோகவில்லை. ஆயினும் அவ்வீராண்டு உழைப்புக்கு விடைகூறுவார் எவருமிலர் என்பது என் நெஞ்சை இன்றும் உறுத்துகின்றது.

இதனாற் பெறப்படுவது யாது? மென்பொருளுக்கு ஆயுள் குறுகியது. நூற்பட்டியலுக்கு ஆயுள் நெடியது. சில ஆண்டுகளில் வழக்கொழியும் ஒன்றனைத் தெரியும்போது, தலைமுறைகளுக்கு நிற்கவேண்டிய ஒன்றனை அதன் கையில் ஒப்படைக்கின்றோம். ஆதலின் எம்மென்பொருளைக் குறித்தும் முதலிற் கேட்கவேண்டிய வினா ஒன்றே: இதனுள் இட்ட பதிவுகளை நாம் வேண்டியபொழுது முழுமையாக வெளியே எடுத்தல் இயலுமா?

இவ்வினாவின் பெறுமதிக்கு வரலாறே சான்று. 1985இல் யுனெஸ்கோ நிறுவனம் நுண்கணினிகளுக்கென வெளியிட்ட சி.டி.எஸ். ஐசிஸ் என்னும் மென்பொருளையும், பின்னர் வந்த அதன் விண்டோஸ் வடிவமாகிய வின்ஐசிஸையும் இலங்கை உட்பட வளர்முக நாடுகளின் நூலகங்கள் பல கையாண்டன. இன்று அது பழையதாயிற்று. எனினும் அதில் இட்ட பதிவுகள் அதனோடு மடியவேண்டியனவாக இருக்கவில்லை. ஐ.எஸ்.ஓ. 2709 என்னும் அனைத்துலக நியமத்துக்கமைய அவற்றை வெளியேற்றும் வழி அம்மென்பொருளிலேயே அமைந்திருந்தமையால், பிறிதொன்றுக்கு அவற்றைக் கொண்டுசெல்லல் இயல்வதாயிற்று. 1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்றியற் ஏவ்ரம் அம்மையாரின் தலைமையில் உருவான மார்க் பதிவுமுறையும் அத்தகையதே. அதில் 100ஆம் புலம் ஆசிரியர் பெயருக்கும், 245ஆம் புலம் நூற்பெயருக்கும் உரியன. எந்நாட்டில் எழுதப்பெற்ற பதிவாயினும் அவ்வெண்களைக் கொண்டு மற்றொரு நாட்டு மென்பொருள் அதனை இனங்காணும். இத்தகைய பொதுநியமம் எதனையும் அறியாத மென்பொருள், பார்வைக்கு எத்துணை அழகியதாயினும், பதிவுகளுக்குச் சிறைக்கூடமேயாம்.

இரண்டாவது வினா தமிழ் பற்றியது. நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கிய பாமினி எழுத்துருவிற் பதிந்தால், திரையில் 'அ' எனத் தோன்றுவது கணினியினுள்ளே ஆங்கில 'எம்' என்னும் எழுத்தாகவே கிடக்கும். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அப்பதிவு பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகும், அகரவரிசையும் பிழைபடும். 1991இல் வெளியான யுனிகோட் என்னும் ஒருங்குறியிலேயே தமிழுக்கென 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அம்முறையைத் தழுவாத மென்பொருளைத் தமிழ்ப் பாடசாலை தீண்டுதல் ஆகாது. ஒருங்குறியிலும் ஒரு நுட்பம் உண்டு. 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் இடலாம். எகரக் குறியும் கால்குறியுமாகப் பிரித்து இரு குறியீடுகளாகவும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டினையும் ஒன்றெனக் கொள்ளாத தேடுமுறையில், ஒருவர் பதிந்த 'கொன்றை வேந்தன்' மற்றொருவர் தேடுகையில் அகப்படாது போதல் கூடும்.

பெயர் பதிதலிலும் இடர் உண்டு. ஆங்கிலேயரின் குடும்பப்பெயர் வழக்கை மனத்துட் கொண்டு அமைத்த சில மென்பொருள்கள், முதற்பெயர், இறுதிப்பெயர் என இரு கட்டங்களையும் நிரப்புமாறு வற்புறுத்தும். சி. வை. தாமோதரம்பிள்ளைக்கு எவ்விறுதிப்பெயர் உளது? ஒரு மாணவன் தலையெழுத்துக்களை முதலிலும், மற்றொருவன் இறுதியிலும் இட, ஒரே பதிப்பாசிரியர் பட்டியலில் இருவராகிவிடுவார். ஆறுமுகநாவலரை இடம்விட்டும் விடாதும் எழுதினாலும் அவ்வாறே. ஆதலின் ஒரு பெயரின் வேறுபட்ட வடிவங்களை ஒன்றாகப் பிணிக்கும் பெயர்க்கோவை மென்பொருளில் இருத்தல் வேண்டும். அயல்நாட்டு நூலகங்களின் பதிவுகளைப் படியெடுக்கலாம் என்பாருமுளர். ஆங்கில நூல்களுக்கு அது பெரிதும் உதவும். தமிழ் நூல்களுக்கோ அங்குக் கிடைப்பன பெரும்பாலும் உரோமன் எழுத்திற் பெயர்த்தெழுதிய பதிவுகளே. எட்டாந்தர மாணவன் அவற்றைக் கொண்டு எந்நூலையும் தேடான்.

இவ்விரு வினாக்களையும் உரைகல்லாகக் கொண்டு, இன்று வழங்கும் இலவச மென்பொருள்கள் இரண்டனை மதிப்பிடுவோம்.

முதலாவது கோஹா. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா என்னும் பகுதியின் பொது நூலகங்கள், தம் பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டின் திகதிச் சிக்கலைத் தாங்காது என அஞ்சி, 1999இற் புதிதாக ஒன்றை எழுதுவித்தன. 2000 தொடக்கத்தில் அது பணிக்கு வந்தது. பின்னர் எவரும் எடுத்தாளுமாறு மூலநிரலோடு வழங்கப்பெற்றது. 'கோஹா' என்பது மாவோரி மொழியிற் கைம்மாறு கருதும் அன்பளிப்பைக் குறிக்கும் சொல்; நம் ஊர்களில் மொய் எழுதுதல் போன்றதென்க. மார்க் பதிவுமுறையும் பெயர்க்கோவையும் இதில் நிறைவுற அமைந்துள்ளன. குறையுங் கூறுவோம். இதனை லினக்ஸ் இயங்குதளத்தில் நிறுவிப் பேணவல்ல ஒருவர் வேண்டும். இதன் தேடற்பொறியாகிய சீப்ராவை இலத்தீன் அல்லாத எழுத்துக்களுக்கேற்ற ஐ.சி.யூ. முறையில் அமைத்தல் வேண்டும். அதனை மறந்தால் தமிழ்த் தேடல் பிழைபடும். மேலும், பெருநூலகங்களுக்கு வேண்டிய பகுதிகள் பல இதில் உள. ஒரு பாடசாலைக்கு அவற்றுட் பெரும்பாலன வேண்டா.

இரண்டாவது ஸ்லிம்ஸ். இந்தோனேசியக் கல்வியமைச்சின் நூலகத்தில் உருவாகி 2007இல் வெளியான இது, அந்நூலகம் அமைந்த ஜகார்த்தா நகரப் பகுதியின் பெயரால் செனாயன் எனவும் வழங்கும். விண்டோஸ் கணினியிலும் இயங்கும், கற்றற்கு எளிது, ஒருங்குறியை ஏற்கும், பதிவுகளை எளிய அட்டவணைக் கோப்பாக வெளியேற்றித் தரும். ஆயின் இதன் விளக்கங்களும் உதவுவோர் குழாமும் பெரும்பாலும் இந்தோனேசிய மொழியில் உள்ளன. பதிவின் அமைப்பு மார்க் முறையினும் எளியதாதலின், மார்க் பதிவுகளை இதனுட் கொணரும்போது நுண்ணிய விபரங்கள் சில நழுவும். இக்குறைகள் சிறு பாடசாலை பொறுக்கத்தக்கனவே.

ஆதலின் என் முடிபு இது. லினக்ஸ் அறிந்த ஆசிரியரோ, நிலையான உதவியாளரோ உள்ள பெரிய கல்லூரிக்குக் கோஹா தகும். சில ஆயிரம் நூல்களும் ஓர் ஆசிரியரும் உள்ள பாடசாலைக்கு ஸ்லிம்ஸ் தகும். இரண்டுக்கும் வசதியற்றவிடத்து, ஒருங்குறியிற் பிழையறப் பதிந்த எளிய அட்டவணையே போதும். அதனைப் பின்னர் எங்கும் கொண்டுசெல்லலாம். விலைகொடுத்து வாங்குவோர், பதிவுகள் அனைத்தையும் பொதுநியமத்தில் மீட்டுத் தருவதாக எழுத்தில் உறுதி பெற்ற பின்னரே பணங்கொடுத்தல் வேண்டும்.

தெரிவுக்கு முன் செய்யத்தக்க சோதனையும் ஒன்று உண்டு. நம் அலுமாரியிலிருந்தே இருபது நூல்களை எடுங்கள். அவற்றுட் பத்தேனும் பழைய தமிழ் நூல்களாக இருக்கட்டும். அவற்றைப் பதிந்து, அவற்றை முன்னறியாத மாணவன் ஒருவனைத் தேடச் செய்யுங்கள். பின்னர் அவ்விருபது பதிவுகளையும் வெளியேற்றி வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். ஒரு பிற்பகலில் முடியும் இச்சோதனை, ஈராண்டு உழைப்பைக் காக்கும்.

தெரிந்த பின்னரும் பேணல் வேண்டும். நம் நாட்டில் ஆசிரியர் இடமாற்றம் இயல்பு. கடவுச்சொல் ஒருவர் நினைவில் மட்டும் இருந்தால் நூலகமும் அவரோடு மாற்றம் பெறும். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறந்திலம். அச்சிட்ட பட்டியற் பிரதியொன்று எப்பொழுதும் மேசையில் இருக்கவேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. நூல்கள் உள்ள அறையிலேயே அவற்றின் பட்டியலும் இருக்குமாயின், இரண்டுக்கும் அழிவு ஒருங்கே வரும். இழந்தவை எவை என்று கூறவும் வழியிராது. மாதந்தோறும் எடுத்த நகலொன்று பாடசாலைக்கு வெளியே இருத்தல் இன்றியமையாதது.

இறுதியாகப் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். கணினி வாங்கித் தரும் நும் கொடை போற்றற்குரியது. அதனிற் சிறுபகுதியைப் பதிவுசெய்வோர்க்குப் பயிற்சியளிக்கவும் ஆண்டுதோறும் பேணவும் ஒதுக்குவீராக. திறப்புவிழாவில் அதற்குப் பெயர்ப்பலகை இராது. ஆயினும் பல்லாண்டுகளின் பின் ஒரு சிறுவன் தான் தேடிய தமிழ் நூலை நம் அலுமாரியிற் கண்டெடுப்பானாயின், அப்பகுதியே அதற்குக் காரணமாயிருக்கும்.