உள்ளீடு வந்தால் வேலை: டேட்டாஃப்ளோவின் பலமும் விலையும்

கடையில் ஷூ வாங்குபவர் கையில் எடுப்பது முடிந்த ஜோடியை. ஆம்பூர்த் தொழிற்சாலையில் அதன் மேல்பாகமும் சோலும் தனித்தனியே தயாராகின்றன. அளவும் ஆர்டரும் ஒத்த இரண்டும் வந்து சேர்ந்த பிறகே ஒட்டும் வேலை தொடங்கும். டேட்டாஃப்ளோ நிரலாக்கத்தின் அடிப்படையும் இதுதான்: தேவையான உள்ளீடுகள் வந்துவிட்டால் செயல் நடக்கும்.

வழக்கமான நிரலில், தொடர்பே இல்லாத இரு கணக்குகள்கூட ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். டேட்டாஃப்ளோவில் எது எதைச் சார்ந்தது என்பதை மட்டும் எழுதினால் போதும். ஒன்றையொன்று சாராதவை ஒரே நேரத்தில் ஓடலாம். இணைக் கணிமைக்கு இதைவிடத் தெளிவான அடித்தளம் அரிது.

1970களில் எம்ஐடியில் ஜாக் டென்னிஸ் இதற்கு வடிவம் கொடுத்தார். ஐஐடி கான்பூரில் படித்த அர்விந்த், ஒவ்வொரு மதிப்புக்கும் அடையாளச்சீட்டு ஒட்டும் முறையை எம்ஐடியில் வளர்த்தார். ஒரு சுழற்சியின் பல சுற்றுகள் கலந்து ஓடினாலும், எந்த மதிப்பு எந்தச் சுற்றுக்குரியது என்பதைச் சீட்டு சொல்லிவிடும்.

சிக்கலும் அந்தச் சீட்டில்தான். ஒரு கூட்டலுக்குக்கூட ஜோடியைத் தேடிப் பொருத்த வேண்டும். கூட்டலைவிடத் தேடலே அதிக வேலையாகிவிடும். சோலுக்காகக் காத்திருக்கும் மேல்பாகங்கள் குவிந்தால் இடம் அடைபடுவதுபோல், காத்திருக்கும் மதிப்புகள் நினைவகத்தை அடைத்துக்கொள்ளும். மோட்டோரோலாவுடன் சேர்ந்து எம்ஐடி உருவாக்கிய மான்சூன் கணினி, ஜோடி சேரும் இடத்தை முன்கூட்டியே ஒதுக்கித் தேடலைக் குறைத்தது. அப்போதும் அந்தக் கட்டமைப்பு சந்தையைப் பிடிக்கவில்லை.

தோற்றது கருத்தல்ல, அதை மிகச் சிறு செயல்களுக்குப் பயன்படுத்திய விதம். 2004இல் கூகுள் வெளியிட்ட மேப்ரெட்யூஸும் பின்னர் வந்த ஸ்பார்க்கும் அதே கருத்தைப் பெரிய தரவுத் துண்டுகளுக்குப் பயன்படுத்தின. துண்டு பெரிதானால் பொருத்தும் செலவு பொருட்டாகாது. ஸ்பார்க்கில் ஒரு கணினி பழுதானால், சார்புப் பதிவைப் பார்த்து இழந்த துண்டை மட்டும் மீண்டும் கணக்கிடலாம். ஆனால் எல்லாத் துண்டுகளும் சேர வேண்டிய கட்டத்தில், மிக மெதுவான ஒரு துண்டு மொத்த வேலையையும் நிறுத்திவைக்கும்.

பிழை தேடுவதிலும் தொல்லை உண்டு. 2015இல் வந்த இயந்திரக் கற்றல் கருவியான டென்சர்ஃப்ளோவில் முதலில் சார்பு வரைபடத்தை அமைத்துவிட்டுப் பிறகே அதை ஓட்ட வேண்டியிருந்தது; தவறு எந்த வரியில் பிறந்தது என்று கண்டுபிடிப்பது கடினமாக இருந்தது. 2019இல் இரண்டாம் பதிப்பு உடனுக்குடன் ஓடும் முறையையே இயல்பாக்கி, வரைபடத்தை வேகம் வேண்டிய இடங்களுக்கு வைத்துக்கொண்டது.

அந்தச் சமரசம்தான் சரி. பெரிய வேலைகளுக்கிடையே டேட்டாஃப்ளோ, ஒவ்வொரு வேலைக்குள்ளும் வரிசை நிரல். எல்லாவற்றையும் வரைபடமாக்குவது வீண். ஆனால் சார்பை எண்ணாமல் நிரலை எழுதிவிட்டு, பிறகு பூட்டுகள் போட்டு இணையாக்கப் பார்ப்பது அதைவிடப் பெரிய வீண். நம் கல்லூரிகள் மாணவரிடம் முதலில் சார்பை வரையச் சொல்லட்டும். ஸ்பார்க்கின் கட்டளைகளைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.