டிபன் பாக்ஸ் அளவில் ஒரு நாஸ்

ரிசப்ஷன் முடிந்து கடைசிப் பந்தி எழும்போது மணி பதினொன்றரை. காலை நாலரைக்கு முகூர்த்தம். கல்யாண வீடியோக்காரர்களுக்கு இந்த இடைவெளியில்தான் இரண்டாவது வேலை: எடுத்ததையெல்லாம் இன்னொரு டிஸ்க்கில் ஏற்றுவது. மதுரைப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கும் என் சித்தப்பா மகன், கேமரா கார்டுகளை லேப்டாப் வழியாக 1 டிபி எஸ்எஸ்டிக்கு மாற்றுவான். பிறகு அந்த எஸ்எஸ்டியை அதே லேப்டாப்பில் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுக்கப் போட்டுவிட்டுப் படுப்பான். பாதி ராத்திரியில் லேப்டாப் தூங்கிப்போய் நகல் நின்றிருக்கும். அது தெரியவருவது காலையில், மேளச் சத்தத்துக்கு நடுவே.

"அண்ணே, சொருகினா தானா காப்பி ஆகணும். முடிஞ்சா சொல்லணும். காலைல போன்ல பாத்துக்கணும். அவ்வளவுதான்" என்றான்.

கேட்க எளிது. கடையில் கிடைக்கும் நாஸ் (நெட்வொர்க் ஸ்டோரேஜ்) பெட்டிகள் பெரும்பாலும் வீட்டு அலமாரிக்கானவை. சுழலும் ஹார்ட் டிஸ்க்குகளோடு காரில் குலுங்கிப் போக அவை செய்யப்படவில்லை. அதனால் நானே ஒன்று கட்டினேன். நாலைந்து கல்யாணங்கள் பார்த்துவிட்ட பெட்டி அது.

உள்ளே என்ன?

மூளை, ராஸ்பெரி பை 5. இது 2023 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது. 4 ஜிபி மாடலே இந்த வேலைக்குத் தாராளம். வந்த புதிதில் அதன் விலை 60 டாலர். பிறகு மெமரி சில்லு விலையோடு சேர்ந்து அதுவும் ஏறிவிட்டது. கூடவே 2 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, அதை மாட்ட ஒரு போர்டு, விசிறி, 27 வாட் அடாப்டர், இயங்குதளத்துக்கு ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு, கடிகாரத்துக்கு ஒரு குட்டி பேட்டரி.

போர்டு வாங்கும்போது கவனம். ராஸ்பெரி பை நிறுவனமே விற்கும் எம்.2 ஹாட் பிளஸ், 2230, 2242 என்ற குட்டை எஸ்எஸ்டிகளுக்கு மட்டுமானது. சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் எளிதாகக் கிடைக்கும் நீளமான 2280 அதில் உட்காராது. அதற்கு மற்ற நிறுவனங்களின் போர்டுதான் வேண்டும்.

பழைய பை 4 போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பை 4-இல் யுஎஸ்பி துளைகள் எல்லாம் ஒரே ஒரு பிசிஐஇ பாதையைப் பங்கு போட்டுக்கொள்ளும். மூல டிஸ்க்கையும் நகல் டிஸ்க்கையும் அதில் சொருகினால் இரண்டும் ஒரே சந்துக்குள் எதிரும் புதிருமாக வரும். பை 5-இல் யுஎஸ்பிக்கு ஆர்பி1 என்ற தனிச் சில்லு. என்விஎம்இக்கு வேறொரு பாதை. ஒரு பக்கம் படித்து மறுபக்கம் எழுதுவது இடிக்காமல் நடக்கிறது.

எந்த வழியில் வேகம்?

பெயர்தான் நெட்வொர்க் ஸ்டோரேஜ். ஆனால் வேகமாக நகல் எடுக்க நெட்வொர்க்கை நம்பக்கூடாது. பை 5-இன் லான் துளை ஒரு கிகாபிட். எவ்வளவு நல்ல கேபிள் போட்டாலும் நொடிக்கு 110 எம்பியைச் சுற்றித்தான் கிடைக்கும். ஒரு ராத்திரியில் சேரும் 600 ஜிபியை லேப்டாப்பிலிருந்து லான் வழியாக அனுப்பினால் ஒன்றரை மணி நேரம். வைஃபையில் அனுப்பினால் முகூர்த்தமே முடிந்துவிடும்.

அதே எஸ்எஸ்டியைப் பெட்டியின் நீலநிற யுஎஸ்பி 3 துளையில் நேராகச் சொருகினேன். நொடிக்கு 330 எம்பி அளவில் ஓடி அரை மணி நேரத்தில் முடிந்தது. ஆக, நகலுக்குக் கேபிள். நகல் எடுத்ததைப் பார்க்கவும் ஒன்றிரண்டு ஃபைலை எடுத்துக்கொடுக்கவும் நெட்வொர்க். இந்தப் பிரிவினை புரிந்த பிறகு 2.5 கிகாபிட் அடாப்டர் வாங்கும் ஆசை எனக்குப் போய்விட்டது.

என்விஎம்இ பாதையை ஒரு வரி அமைப்பில் ஜென் 2-இலிருந்து ஜென் 3-க்குத் தள்ளலாம். நிறுவனம் அதற்கு உத்தரவாதம் தருவதில்லை. மூல டிஸ்க் வரும் யுஎஸ்பியே 5 கிகாபிட்தான் என்பதால் இந்த வேலைக்கு அதனால் லாபமும் இல்லை. நான் ஜென் 2-லேயே விட்டுவிட்டேன்.

எஸ்எஸ்டி வாங்கும்போது பெட்டியில் அச்சடித்த வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள். முதலில் மலிவான கியூஎல்சி ரகம் ஒன்றைப் போட்டிருந்தேன். முதல் நூறு ஜிபி பறந்தது. உள்ளே இருக்கும் எஸ்எல்சி கேஷ் நிரம்பியதும் பழைய ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கு இறங்கியது. தொடர்ந்து எழுதும் வேலைக்கு டிஎல்சி ரகமே சரி.

மென்பொருள்

ஓப்பன்மீடியாவால்ட்டை முதலில் நிறுவிப் பார்த்தேன். பிரவுசரிலேயே எல்லாம் செய்யலாம். வீட்டில் ஒரே இடத்தில் இருக்கும் நாஸுக்கு நல்ல தேர்வு. ஆனால் நெட்வொர்க் அமைப்பு முழுவதையும் அது தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். என் பெட்டியோ மண்டபத்தில் தானே ஒரு ஹாட்ஸ்பாட் ஆக வேண்டும். அதனால் அதை எடுத்துவிட்டு, வெறும் ராஸ்பெரி பை ஓஎஸ் லைட், அதன் மேல் நெட்வொர்க்கில் ஃபைல்களைப் பகிர சாம்பா, நகல் எடுக்க ஆர்சிங்க். இரண்டுக்கும் பின்னால் இருப்பவர் ஒருவரே: ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல். சாம்பாவை 1992-இல் தொடங்கியவர், 1996-இல் பால் மக்கரஸோடு சேர்ந்து ஆர்சிங்க்கைக் கொடுத்தார். முப்பது வருடமாக உலகம் ஃபைல் நகர்த்திக்கொண்டிருக்கும் கருவிகள் இவை.

டிஸ்க்கைச் சொருகியதும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் தானாக ஓடும். மூல டிஸ்க்கைப் படிக்க மட்டும் திறக்கும்; தவறிக்கூட அதில் எழுத முடியாது. தேதியிட்ட ஃபோல்டரில் நகல் எடுக்கும். பிறகு மூலத்தையும் நகலையும் மறுபடி முழுக்கப் படித்து ஒப்பிடும். நகல் ஓடும்போது பெட்டியின் விளக்கு வேகமாகச் சிமிட்டும், ஒப்பிடும்போது மெதுவாக. இரண்டும் பொருந்தினால் நிலையான பச்சை.

அந்தப் பச்சையை ஒருநாள் நானே சந்தேகப்பட்டேன். 2 ஜிபி ஃபைல் ஒன்றை நகல் எடுத்துச் சோதித்தபோது ஒப்பீடு கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்தது. இந்த யுஎஸ்பியில் அது நடக்கவே முடியாத வேகம். யோசித்தபோதுதான் புரிந்தது: எழுதிய தரவு இன்னும் ராமில் இருக்கிறது, லினக்ஸ் அதையே எடுத்துக் காட்டுகிறது. டிஸ்க்கில் என்ன பதிந்தது என்று யாரும் பார்க்கவே இல்லை. இப்போது ஸ்கிரிப்ட் இரண்டு டிஸ்க்கையும் ஒருமுறை கழற்றி, மீண்டும் மவுண்ட் செய்த பிறகே ஒப்பிடுகிறது. 600 ஜிபிக்கு இன்னொரு அரை மணி ஆகிறது. ஆனாலும் அந்தப் பச்சைக்கு இப்போதுதான் அர்த்தம் வந்திருக்கிறது.

படுத்திய பாடு

பெரிய தலைவலி மின்சாரம். 65 வாட் என்று எழுதிய பவர் பேங்க் ஒன்றைக் கொண்டுபோனேன். நகல் பாதியில் டிஸ்க் காணாமல் போனது. காரணம், பவர் பேங்க்குகள் அதிக வாட்டை 9, 15, 20 வோல்ட்டுக்கு ஏற்றித்தான் தருகின்றன. பை 5 கேட்பது 5 வோல்ட்டில் 5 ஆம்பியர். அந்த வோல்ட்டில் பெரும்பாலான பவர் பேங்க் தருவது 3 ஆம்பியர்தான், அதாவது 15 வாட். அப்போது பை, யுஎஸ்பி துளைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். எஸ்எஸ்டிக்கு அது போதாது.

இப்போது 12 வோல்ட் பேட்டரியோடு, அதை 5 வோல்ட் 5 ஆம்பியராக இறக்கும் கன்வர்ட்டர் போர்டு ஒன்று சேர்த்திருக்கிறேன். 'மின்சாரம் போதும்' என்று பைக்குச் சொல்லும் வரியை அமைப்புக் கோப்பில் போட வேண்டியிருந்தது. மண்டபத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்த அரை நிமிடத்தை இப்போது பெட்டி கவனிப்பதே இல்லை.

கடிகார பேட்டரியை முதலில் வாங்காமல் விட்டிருந்தேன். இன்டர்நெட் இல்லாத மண்டபத்தில் பை, தான் கடைசியாக அணைந்த நேரத்திலிருந்தே நாளை எண்ணத் தொடங்கியது. திருச்சிக் கல்யாணம் அதற்கு முந்தைய வாரத் தேதியில் போய் உட்கார்ந்தது.

தலைப்பில் உள்ள டிபன் பாக்ஸ் வெறும் உவமை இல்லை. முதல் வடிவம் எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்குள்தான் இருந்தது. மூடியதும் வைஃபை செத்தது, சூடும் ஏறியது. இப்போது மேலும் கீழும் அக்ரிலிக் தகடு, பக்கவாட்டில் திறப்பு. அளவு மட்டும் அதே.

யாருக்கு?

லினக்ஸ் டெர்மினலைப் பார்த்தால் கூச்சப்படாதவர்களுக்கு இது இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஸ்கிரிப்ட் எழுதப் பிடிக்காதவர்கள் லேப்டாப்பின் ஸ்லீப் மோடை அணைத்துவிட்டு, நகலை ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் இன்னொரு எஸ்எஸ்டிக்கு எடுத்தாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம். எடிட்டிங்கும் நெட்வொர்க் வழியாக நடக்க வேண்டுமென்றால், 2.5 கிகாபிட் லான் உள்ள இன்டெல் என்100 மினி பிசி பக்கம் போங்கள். பை அதற்கு இல்லை.

ஒரு குறையை எந்தப் பாகம் வாங்கியும் தீர்க்க முடியவில்லை. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்ற விதியை ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பினார். எங்களிடம் எஸ்எஸ்டியும் பெட்டியும் சேர்த்து இரண்டு பிரதி. அழிக்காமல் வைத்த கார்டுகளோடு மூன்று. ஆனால் மூன்றும் ஒரே பையில், ஒரே காரில் திரும்பிக்கொண்டிருந்தன. போன முறை கிளம்பும்போது தம்பி பச்சை விளக்கைப் பார்த்தான், பெட்டியைக் கழற்றி என் கையில் கொடுத்தான். "நீங்க பஸ்ல வாங்கண்ணே" என்றான்.