கைவேலையும் கைக்கெட்டா விலையும்: பூட்டிக் கிட்டார் ஆம்ப்கள் பற்றி ஒரு மதிப்பீடு

எலக்ட்ரிக் கிட்டாரின் கம்பி அதிர்வைப் பிக்கப் என்னும் காந்தச்சுருள் மிகச் சிறிய மின்குறியாக மாற்றுகிறது. அந்த மின்குறியைப் பெருக்கி ஸ்பீக்கரை இயக்கும் கருவியே ஆம்ப்ளிஃபயர், கலைஞர் பேச்சில் ஆம்ப். பெரிய தொழிற்சாலையில் அல்லாமல் ஓரிருவர் நடத்தும் பட்டறையில், வால்வு எனப்படும் வெற்றிடக் குழல்களைக் கொண்டு, ஒவ்வோர் இணைப்பையும் கையால் பற்றவைத்துச் சிறு எண்ணிக்கையில் செய்யப்படும் ஆம்ப்களுக்குப் பூட்டிக் ஆம்ப் என்ற பெயர் வழங்குகிறது. இவற்றின் விலை சில ஆயிரம் டாலரில் தொடங்குகிறது. மும்பைக்கு வந்து சேர்வதற்குள் கப்பல் கூலி, சுங்கம், வரி எல்லாம் சேர்ந்து அது இன்னும் ஏறிவிடும். விற்பவரும் வாங்குபவரும் இவற்றைப் புகழும் அளவுக்கு இவற்றில் சரக்கு உண்டா என்னும் கேள்வியை எங்கும் எழுப்பலாம். ஆனால் அடுத்த வீட்டு இருமல் சுவர் வழியே கேட்கும் மும்பையின் மாட்டுங்கா, செம்பூர்க் குடியிருப்புகளை நினைவில் வைத்துக் கேட்டால், கலிஃபோர்னியாவில் கிடைக்கும் விடையிலிருந்து இங்கே கிடைக்கும் விடை பெரிதும் மாறுபடுகிறது.

புகழின் வேர் 1950களில் உள்ளது. அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் அப்பத்தாண்டின் இறுதியில் விற்ற பாஸ்மேன் ஆம்பின் சர்க்யூட்டை 1962இல் லண்டனில் ஜிம் மார்ஷலும் அவருடைய தொழில்நுட்பர்களும் ஏறத்தாழ அப்படியே பின்பற்றித் தங்கள் முதல் ஆம்பைச் செய்தனர். பிரிட்டனின் வாக்ஸ் நிறுவனம் ஏசி30 என்னும் இன்னொரு மரபைத் தொடங்கி வைத்திருந்தது. பிற்காலத்தில் பெருநிறுவனங்கள் செலவைக் குறைக்க அச்சிட்ட சர்க்யூட் போர்டுக்கும் டிரான்சிஸ்டருக்கும் மாறியபோது பழைய ஓசையைத் தேடியவர்கள் தனிப்பட்டறைகளை நாடினர். ஃபெண்டரின் சிறிய ஆம்ப்களைத் திருத்தத் தொடங்கி மெசா பூகியை உருவாக்கிய ராண்டல் ஸ்மித், கலிஃபோர்னியாவின் அலெக்சாண்டர் டம்பிள், நியூ ஜெர்சியில் டிரெயின்ரெக் ஆம்ப்களைச் செய்த கென் ஃபிஷர் ஆகியோர் இவ்வழியின் முன்னோடிகள். 1989இல் லாஸ் ஏஞ்சலிசில் தொடங்கிய மேட்ச்லெஸ் நிறுவனத்தின் டிசி-30 ஆம்ப், வாக்ஸ் ஏசி30இன் மறுபிறவி என்றே சொல்லத்தக்கது. ஆகப் பூட்டிக் உலகின் பெரும்பகுதி புதிய கண்டுபிடிப்பு அன்று, ஊரறிந்த சர்க்யூட்டுகளைக் கவனத்துடன் மீண்டும் செய்வதுதான். இதில் இழிவு ஒன்றும் இல்லை. இரகசியம் என்ற பேச்சுக்கு அடிப்படை குறைவு என்பது மட்டும் இதனால் புலப்படுகிறது.

வால்வு ஆம்பின் சிறப்பு அது பிழை செய்யும் விதத்தில் இருக்கிறது. எந்த ஆம்பும் தன் எல்லையைத் தாண்டிய மின்குறியைப் பெறும்போது அலையின் உச்சியை வெட்டிவிடுகிறது. இந்தச் சிதைவே ராக் இசையின் அடையாளமான கரகரப்பு. எளிய டிரான்சிஸ்டர் சர்க்யூட் அந்த உச்சியைத் திடுமென வெட்ட, வால்வு சர்க்யூட் படிப்படியாக வளைத்து வெட்டுகிறது. அதோடு, உரத்து மீட்டும்போது மின்வழங்கியின் அழுத்தம் கணநேரம் தாழ்ந்து மீள்வதால் ஓசை சற்றே அமுங்கி எழுகிறது. விரலை மென்மையாக வைத்தால் தெளிவும் அழுத்தினால் கரகரப்பும் வருமாறு, கிட்டாரின் ஒலியளவுத் திருகைத் தொடாமலேயே கையின் எடையால் ஓசையை மாற்ற முடிகிறது என்பது கலைஞருக்கு உண்மையான ஆதாயம். நல்ல பூட்டிக் ஆம்ப்கள் இந்தத் தொடுநயத்தைத் தருகின்றன என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்தத் தொடுநயம் ஆம்ப் தன் எல்லையை எட்டும் இடத்தில்தான் முழுமையாக வெளிப்படுகிறது. சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. கிட்டார் ஸ்பீக்கர் ஒன்று ஒரு வாட் மின்திறனிலேயே ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 97 முதல் 100 டெசிபல் வரை ஒலிக்கும். 30 வாட் ஆம்பை அதன் எல்லைக்குக் கொண்டுசென்றால் அதற்குமேல் சுமார் 15 டெசிபல் கூடும். வாட் பாதியானால் ஓசையும் பாதியாகிவிடும் என்று எண்ணுவது தவறு. 30 வாட்டுக்குப் பதில் 15 வாட் வாங்கினாலும் குறைவது 3 டெசிபல் மட்டுமே. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வகுத்துள்ளன. கணக்கின் இவ்விரு பக்கங்களையும் சேர்த்துப் பார்த்தால், செம்பூர் வீடு ஒன்றில் டிசி-30 வாங்கி வைப்பவர் அதன் விலைக்குரிய ஓசையை ஒருநாளும் கேட்கப் போவதில்லை என்பது விளங்கும். அவர் கேட்பது அதன் தாழ்ந்த ஒலியளவு ஓசை. அந்த நிலையில் அது சாதாரண ஆம்ப்களிலிருந்து வெகுவாக வேறுபடுவதில்லை. வீட்டில் மட்டும்தான் இந்தத் தடை என்றும் சொல்வதற்கில்லை. 1986இல் தொடங்கிய இண்டிபென்டென்ஸ் ராக் விழாவுக்கும் மும்பையின் ராக் ரசிகர்களுக்கும் கோயில்போல் விளங்கிய தோபி தலாவ் ரங் பவன் திறந்தவெளி அரங்கிலேயே, அது அமைதி மண்டலத்துக்குள் வருவதால், இசை நிகழ்ச்சிகள் நின்றுபோயின. ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே பொருத்தி மின்திறனின் பெரும்பகுதியை வெப்பமாக மாற்றும் அட்டெனுவேட்டர் இதற்கு ஒரு மாற்று. எனினும் ஓசைக்குக் காசு கொடுத்துவிட்டு அதை வெப்பமாக்கக் கூடுதல் காசு கொடுப்பதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

உள்ளுறுப்புகளைப் பற்றிய புகழுரைகளில் மெய்யும் கட்டுக்கதையும் கலந்துள்ளன. மெய்யின் பக்கம் நிற்பது டிரான்ஸ்பார்மர்: வால்வுகளின் உயர் மின்னழுத்தத்தை ஸ்பீக்கருக்கு ஏற்ற மின்னோட்டமாக மாற்றும் இவ்வுறுப்பு தரமாகச் சுற்றப்படாவிட்டால் தாழ்சுருதிகள் குழைந்துவிடும், பெருநிறுவனங்கள் செலவை மிச்சம் பிடித்த இடங்களுள் இதுவும் ஒன்று. கட்டுக்கதையின் பக்கம் முதலில் நிற்பது கார்பன் கலவை ரெசிஸ்டர். பழைய ஆம்ப்களில் இருந்தது என்ற ஒரே காரணத்தால் சில பட்டறைகள் இதை இன்றும் விரும்பிப் பயன்படுத்துகின்றன. ஆனால் இவ்வகை ரெசிஸ்டர் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் அதன் மதிப்பு விலகும். இயல்பிலேயே அதன் இரைச்சலும் மெட்டல் ஃபிலிம் வகையைவிட அதிகம். ஜூன் முதல் செப்டம்பர் வரை துணியே காயாத மும்பை மழைக்காலத்தில் இது சிறு குறை அன்று. பழைய ஃபெண்டர் ஆம்ப்களில் உறுப்புகள் பதிக்கப்பட்ட அழுத்திய நார்ப்பலகையும் காலப்போக்கில் ஈரம் ஏறி மெல்ல மின்கசியத் தொடங்கும் என்பது பழுதுபார்ப்போர் நன்கு அறிந்தது. பழமைக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்று அதே பலகையைத் தேடிப் பொருத்துவோர் அந்தப் பழுதையும் சேர்த்தே விலைக்கு வாங்குகின்றனர்.

மின்வழங்கல் இன்னொரு தடை. அமெரிக்க உள்நாட்டுச் சந்தைக்கான ஆம்ப் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கானது. இந்தியாவில் வருவதோ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மரை இடையில் வைத்தாலும் அலைவெண் மாறாது என்பதால், 60 ஹெர்ட்ஸுக்கென்றே அளந்து சுற்றப்பட்ட மின்வழங்கி டிரான்ஸ்பார்மர் இங்கே கூடுதலாகச் சூடேறும். ஏற்றுமதிக்கெனச் செய்த மாதிரிகளில் இக்குறை இல்லை. ஆனால் பழைய சரக்கைத் தேடி வாங்குவோர் இதைக் கவனிப்பது அரிது.

இவ்வளவையும் கடந்து ஓசை மட்டுமே பேசட்டும் என்றால், காதின் சாட்சியமும் அத்துணை உறுதியானது அன்று. 1985இல் அமெரிக்கப் பொறியாளர் பாப் கார்வர், ஸ்டீரியோஃபைல் இதழின் சவாலை ஏற்று, சில நூறு டாலர் விலையுள்ள தம் டிரான்சிஸ்டர் ஆம்பை மிக விலையுயர்ந்த வீட்டு இசை ஆம்ப் ஒன்றின் ஓசையோடு பொருந்துமாறு ஓட்டல் அறையில் அமர்ந்தே திருத்தினார். இதழின் கூர்ங்காதர்களால் வேறுபாட்டைச் சுட்ட முடியவில்லை. வயலின் உலகில், 2010இல் இண்டியானாபொலிசில் கண்ணை மறைத்து நடத்திய சோதனையில் ஸ்ட்ராடிவாரி வயலினையும் புதிய வயலினையும் பெரும்பாலான கலைஞர்களால் பிரித்தறிய இயலாது போயிற்று. கிட்டார் ஆம்புக்கு இதே பாடத்தை 2011இல் அறிமுகமான ஜெர்மானிய கெம்பர் கருவி கற்பித்தது: ஓர் ஆம்பின் வழியே சோதனை ஒலிகளை அனுப்பி, திரும்பி வருவதை அளந்து, அந்த ஆம்பின் ஓசையைக் கணினிச் சில்லில் பதிந்து வைத்துக்கொள்ளும் இக்கருவியை இசைத்தட்டில் கேட்போர் இனங்காண்பது கடினம். பின்னர் வந்த சில மென்பொருள்கள் இதையே கட்டணமின்றிச் செய்கின்றன. போதாக்குறைக்கு, ஸ்பீக்கரையோ அதன்முன் உள்ள மைக்கின் இடத்தையோ சில அங்குலம் மாற்றினால் ஏற்படும் வேறுபாடு, நல்ல ஆம்ப் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாட்டை எளிதில் விழுங்கிவிடுகிறது.

இதற்கு வலுவான மறுமொழி ஒன்று உண்டு. கேட்பவரின் காது ஏமாறலாம், வாசிப்பவரின் கை ஏமாறுவதில்லை. ஆம்ப் விரலுக்கு உடனுக்குடன் தரும் மறுமொழியே வாசிப்பை வடிவமைக்கிறது. ஆதலால் பதிவை மட்டும் வைத்து ஆம்பை எடைபோடலாகாது என்பர். இது ஏற்கத்தக்கதே. ஆனால் மேற்சொன்ன வயலின் சோதனையில் கருவியைக் கையில் வைத்திருந்தவர்கள் வாசிப்போர்தாம் என்பதையும் மறக்கலாகாது.

அப்படியாயின் விலையின் எஞ்சிய பகுதி எதற்கு? அருமைக்கும் கதைக்கும் என்பதே நேர்மையான விடை. டம்பிள் தம் வாழ்நாளில் செய்தவை சுமார் 300 ஆம்ப்கள். யாருக்குச் செய்வது என்பதையும் அவரே முடிவு செய்தார். சர்க்யூட்டை எவரும் படித்தறியாதபடி உறுப்புகள்மீது எப்பாக்ஸி பிசினை ஊற்றி மூடினார். பிற்காலத்தில் அந்தப் பிசினைப் பெயர்த்துப் பார்த்தவர்கள் அடியில் கண்டது ஃபெண்டர் சர்க்யூட்டின் நுட்பமான திருத்தத்தையே. கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் தம் முதல் இசைத்தட்டை 1982இல் பாடகர் ஜாக்சன் பிரவுனின் ஸ்டுடியோவில் பதிந்தபோது அங்கிருந்த டம்பிள் ஆம்பைப் பயன்படுத்தினார் என்பது போன்ற செய்திகள் சேரச்சேர விலையும் ஏறியது. 2022இல் டம்பிள் மறைந்தபின் பழைய ஆம்ப் ஒன்று ஒரு லட்சம் டாலரைத் தாண்டிக் கைமாறுகிறது. கென் ஃபிஷர் தம் ஆம்ப்களுக்கு வரிசை எண்ணுக்குப் பதில் பெண்களின் பெயரை இட்டார். இவை ஓசையை மாற்றுவதில்லை, உடைமையின் பெருமிதத்தை மாற்றுகின்றன. கைவேலைதான் விலைக்குக் காரணம் என்றால் தாராவி உலகின் விலையுயர்ந்த சந்தைகளுள் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ்த் தோல் தொழிலாளர்கள் வேரூன்றச் செய்த தோல்வேலை இன்றும் அங்கே பெரும்பாலும் கைத்திறனால் நடக்கிறது. அதே கவனம், அதே நேர்த்தி, ஆனால் செய்தவரின் பெயர் பொருளில் இல்லாததால் கூலி மட்டும் கிடைக்கிறது. பூட்டிக் ஆம்பின் விலையில் உழைப்பின் பங்கு எவ்வளவு, பெயரின் பங்கு எவ்வளவு என்பதை இந்த ஒப்பீடு போல் வேறெதுவும் காட்டாது.

மாட்டுங்கா, செம்பூர்த் தமிழரின் இசைவாழ்வில் இவ்வகை ஆம்புக்கு இடமுண்டா என்பதும் தனியே நோக்கத்தக்கது. யு. ஸ்ரீநிவாஸின் எலக்ட்ரிக் மாண்டலினும் சுகுமார் பிரசாத், பிரசன்னா ஆகியோரின் கிட்டாரும் கர்நாடக இசைக்கு மின்கருவி அந்நியமன்று என்று நிறுவிவிட்டன. அவ்விசைக்குத் தேவையானது நீளும் நாதம். கமகத்தின் கடைசி அசைவுவரை கம்பி ஒலிக்க வேண்டும். வால்வு ஆம்பின் மெல்லிய அமுக்கம் மெலிந்துவரும் ஒலியைத் தாங்கிப் பிடிப்பதால் இதற்கு ஓரளவு துணைசெய்யும். அதற்கு மேற்பட்ட கரகரப்போ கூடுதல் மேற்சுரங்களை எழுப்பிக் கமகத்தின் நுண்ணிய சுருதி வளைவை மறைத்துவிடும். பூட்டிக் ஆம்பின் தலையாய பெருமை இங்கே குறையாக மாறுகிறது. மேலும் 2,700க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட கிங்ஸ் சர்க்கிள் சண்முகானந்தா அரங்கிலோ செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் அரங்கிலோ ரசிகரின் காதுக்கு எட்டுவது அரங்கத்து ஒலிபெருக்கியின் ஓசைதான். மேடை ஆம்பின் ஓசை மைக் பிடித்த அளவுக்கே அங்கு போய்ச்சேரும்.

எனினும் பூட்டிக் மரபிலிருந்து மும்பை கடன் வாங்கத்தக்க பண்பு ஒன்று உண்டு, அது பழுதுபார்க்கும் எளிமை. உறுப்புகள் பலகையில் தனித்தனியே தெரியும்படி பற்றவைக்கப்பட்ட ஆம்பில் கெட்டதை மட்டும் கழற்றி மாற்றலாம். லாமிங்டன் ரோடு கடைகளில் ரெசிஸ்டருக்கும் கெப்பாசிட்டருக்கும் பஞ்சமில்லை. நெருக்கமாக அச்சிட்ட போர்டுடன் வரும் மலிவான ஆம்ப், உத்தரவாதக் காலம் முடிந்ததும் பெரும்பாலும் குப்பைக்கே போகிறது. இந்த எளிமையில் பலவீனமான கண்ணி வால்வு. பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனம் ஒரு காலத்தில் இந்தியாவிலேயே செய்த வால்வுகள் இன்று பழஞ்சரக்காக மட்டுமே கிடைக்கின்றன. புதிய உற்பத்தி ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா என மூன்று நாடுகளுக்குள் பெரும்பாலும் அடங்கிவிட்டதால், 2022இல் ரஷ்ய ஏற்றுமதி தடைபட்டபோது உலகெங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது.

ஆகவே பெருந்தொகை கொடுத்து டிசி-30 போன்றவற்றை வரவழைப்பது, பலர் மாறிமாறி உரத்து வாசிக்கும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கோ மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் பயிற்சி அறைக்கோ பொருந்தலாம். வீட்டில் தனியே வாசிக்கும் கலைஞருக்குப் பொருந்தாது. மும்பைக்கென்றே ஒருவர் ஆம்ப் செய்ய முனைந்தால் அது ஒரு வாட்டுக்கு மேற்படாமலும், மழையைத் தாங்கும் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களோடும், 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸுக்கென்றே சுற்றிய டிரான்ஸ்பார்மரோடும், எளிதில் கிடைக்கும் வால்வு வகைகளோடும் அமைய வேண்டும். 400 வோல்ட் அளவுக்கு உயர் மின்னழுத்தம் உள்ளே தேங்கி நிற்கும் என்ற எச்சரிக்கையோடு, பிசின் பூசி மறைக்காத சர்க்யூட் வரைபடமும் பெட்டிக்குள்ளேயே ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.