நாயகியின் சம்பளம்

காதல் நாவல்களைத் திட்டுவதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை. ஒன்றைக்கூடப் படித்திராதவர்களே அந்தக் காரியத்தை மிகத் திறமையாகச் செய்கிறார்கள். நான் ரயிலிலும் ஜுரத்திலுமாக நிறையப் படித்தவன். ஆகையால் எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

கடைசியில் கல்யாணம் நடந்துவிடுகிறதே என்பது வழக்கமான குற்றச்சாட்டு. அதில் எனக்குப் புகார் இல்லை. ஜேன் ஆஸ்டின் 1813-ல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலும் கல்யாணத்தில்தான் முடிகிறது. ரமணிசந்திரன் கதையிலும் யார் யாருக்கு மாலையிடப் போகிறார்கள் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். தெரிந்துகொண்டேதான் நம் வீட்டுப் பெண்கள் ஆவலோடு படித்தார்கள். சீதைக்குக் கல்யாணம் ஆகும் என்று தெரிந்துதானே நாமும் காலட்சேபம் கேட்கப் போகிறோம்?

என் சண்டை வேறு. கதாநாயகி வேலை பார்க்கிறாள் என்கிறார்கள். எங்கே? பெரும்பாலும் நாயகனுடைய கம்பெனியில். சம்பளம் என்ன? அதை மட்டும் கேட்கக் கூடாது! அவனுடைய காரின் நிறம் தெரிகிறது. கோபத்தில் அவன் தாடை இறுகுவது தெரிகிறது. மாசக் கடைசியில் இவள் கையில் என்ன மிச்சம் என்பது தெரிவதில்லை. அப்பாவுக்கு ஆபரேஷன் என்றால்தான் பணம் கதைக்குள் தலை நீட்டும். உடனே ஒப்பந்தக் கல்யாணம்.

ஷார்லட் பிராண்டியின் 'ஜேன் ஐயர்' வெளிவந்தது 1847-ல். நம் முரட்டு நாயகர்களுக்கெல்லாம் பாட்டனாரான ராச்செஸ்டர் அந்த நாவலில்தான் இருக்கிறார். ஆனால் ஜேனுக்கு வருஷச் சம்பளம் 30 பவுன் என்று ஆசிரியை நமக்குச் சொல்லிவிடுகிறார். அவருக்கு ஏற்கனவே மனைவி உண்டென்று மணவறையில் தெரிந்ததும், கையிலிருந்த சில்லறையோடு ஜேன் வெளியேறுகிறாள், பட்டினி கிடக்கிறாள், பன்றிக்குக் கொட்ட இருந்த கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறாள். பிறகு சித்தப்பா சொத்து 20,000 பவுன் வருகிறது. அதை மூன்று உறவினருடன் சமமாகப் பங்கிட்டுக்கொள்கிறாள். தன் சோற்றுக்குத் தனக்கே வழி ஏற்பட்டபின்தான் ராச்செஸ்டரைத் தேடிப் போகிறாள். அவள் சொல்லும் 'சம்மத'த்துக்கு எடை இருக்கிறதென்றால் இதனால்தான்.

நம் நாவலில் நடப்பது என்ன? ஐந்தாம் அத்தியாயத்தில் அவன் அறைகிறான். பத்தாம் அத்தியாயத்தில் காரணம் தெரிகிறது. அளவு கடந்த காதலாம்! அவள் மன்னித்துவிடுகிறாள். வேறு என்ன செய்வாள், பாவம்! ஆசிரியர் அவளுக்குப் பஸ் சார்ஜுகூடக் கொடுத்து வைக்கவில்லையே.

"கடைசியில் அவன் மண்டியிடுகிறானே, அது போதாதா?" என்று சில வாசகிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒரு பெண்ணின் மனசை நடுவில் வைத்து வீட்டைப் பார்க்கும் கதை வேறு எங்கே சுலபமாகக் கிடைக்கிறது? ஜனரஞ்சகம் என்றாலே மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. டாக்டராக இருந்துகொண்டே குடும்பக் கதைகளை எழுதிக் குவித்த லக்ஷ்மிக்கு 1984-ல் சாகித்ய அகாதமி விருதே கிடைத்தது. ஆனால் மண்டியிடுகிறவன் எதற்காக இடுகிறான் என்று பாருங்கள். சந்தேகப்பட்டது தவறு என்கிறான். அடித்தது தவறு என்று சொல்வதே இல்லை. சந்தேகம் உண்மையாக இருந்திருந்தால்?

இப்போது கைபேசியில் தொடர்கதை எழுதுகிறவர்களில் சிலர் நாயகிக்குச் சொந்த வேலையும் தனி வாடகை வீடும் கொடுக்கத் துணிந்திருக்கிறார்கள். சந்தோஷம். அந்த வீட்டுக்கு வாடகை எவ்வளவு, அதை யார் கட்டுகிறார்கள் என்பதையும் அடுத்த அத்தியாயத்திலாவது எழுதட்டும்.