உலையும் கடனும்: ‘ஹார்ட்ஸ்பேஸ்: ஷிப்பிரேக்கர்’ காணொளி விளையாட்டில் உழைப்பின் அபாயம்

கனடாவின் பிளாக்பேர்ட் இன்டராக்டிவ் நிறுவனம் உருவாக்கி, 2022இல் முழு வடிவில் வெளிவந்த இவ்விளையாட்டில், ஆட்டக்காரர் பழைய விண்கலங்களை உடைக்கும் கடனாளித் தொழிலாளி ஆவார். கலத்திலிருந்து கழற்றப்பட்ட ஆற்றல் உலை கொதிப்பேறத் தொடங்கும். வெடிக்குமுன் அதனைச் சரக்கு மிதவையில் சேர்த்தாக வேண்டும். தவறி இறந்தாலும் விடுதலையில்லை. லின்க்ஸ் நிறுவனம் நகலுடல் தந்து, அதன் விலையையும் நூறு கோடியைத் தாண்டிய கடனில் ஏற்றும். மரணத்தைச் செலவினமாக்கும் இவ்வங்கதம் கூரியது.

எனினும், கதை தொழிற்சங்கத்தைப் போற்ற, ஆட்டமுறை அதற்கு எதிர்த்திசையில் இயங்குகிறது. சக தொழிலாளர் வானொலிக் குரல்களாக மட்டுமே வருகின்றனர். உலையின்முன் ஆட்டக்காரர் தனியர். நிறுவனத்தின் பாதுகாப்பின்மை அங்கே அவரது கைத்திறனுக்கான தேர்வாக உருமாறுகிறது. உலை மிதவையில் விழும் கணத்தில் அவர் அடைவது சினமன்று, களிப்பு, உடன் ஊதியமும்.