அணுக்கரு உருண்டைதானா?

பாடநூல்களில் அணுக்கருவின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பும் நீலமுமாகக் கோலிக்குண்டுகளைக் குவித்து உருண்டையாக வரைந்திருப்பார்கள். தொடக்க வகுப்புக்கு அது போதும். ஆனால், தமிழ்வழியில் படித்துவிட்டுப் புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற உயர்கல்வி நிலையங்களுக்குச் செல்லும் மாணவருடன் அந்த ஒரு படமே கடைசிவரை செல்கிறது. குறை அங்கேதான் இருக்கிறது.

குறியேதும் இல்லாத வழவழப்பான பந்து ஒன்றைத் திருப்புங்கள். எவ்வளவு திருப்பினாலும் தோற்றம் மாறாது. குவாண்டம் இயற்பியலின்படி, இத்தகைய முழு உருண்டைக்கு ஒட்டுமொத்தச் சுழற்சி என்பதே பொருளற்றது. அவ்வாறு சுழல வேண்டுமானால், அணுக்கரு நீண்டோ தட்டையாகவோ இருக்க வேண்டும். உருண்டையை மட்டுமே அறிந்தவருக்கு இந்த வாயில் அடைபட்டுவிடுகிறது.

வாயிலுக்கு அப்பால் இருப்பது என்ன? 1986இல் இங்கிலாந்தின் டேர்ஸ்பரி ஆய்வகத்தில் கால்சியம்-48 அணுக்கருக்களைப் பல்லேடியம்-108 மீது மோதவிட்டனர். இரண்டும் இணைந்து, நான்கு நியூட்ரான்களை உமிழ்ந்து, டிஸ்புரோசியம்-152 உருவாயிற்று. நொடிக்கு ஏறத்தாழ 1க்குப் பின் 20 சுழிகள் இட்ட தடவைகள் சுழன்ற அது, வேகம் தணியத் தணியக் காமாக் கதிர்களை வெளியிட்டது. மொத்தம் 19 கதிர்கள். அடுத்தடுத்த கதிர்களுக்கிடையே சுமார் 47 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வேறுபாடு. ஏணிப்படி போன்ற இந்த ஒழுங்கு, நீளம் அகலத்தைப்போல் இரு மடங்கான ஓர் அணுக்கருவைக் காட்டிக்கொடுத்தது.

வெறும் நீர்த்துளியாக இருந்தால் இவ்வடிவம் நிலைக்காது. உள்ளே 66 புரோட்டான்களும் 86 நியூட்ரான்களும் ஆற்றல் கூடுகளில் அமைகின்றன. இரு மடங்கு நீண்ட வடிவில் இவ்வெண்களுக்கு நேராகப் பெரிய ஆற்றல் இடைவெளிகள் அமைவதே அதனைத் தாங்குகிறது.

சொல்லாட்சியிலும் குறையுண்டு. ‘உருக்குலைந்த அணுக்கரு’ என்கிறார்கள். குலைந்தது எது? பல அணுக்கருக்களுக்கு நீள்வடிவமே இயல்பு! ‘உருநீண்ட’ என்றால் போதுமே. ஆங்கில நூல்களைப் பின்பற்றி ரக்பிப் பந்தை உவமை கூறுவதும் அதைக் காணாத மாணவருக்குப் பயன்படாது. முட்டையோ ஒருபுறம் கூர்த்தது. பேரீச்சம்பழம் ஏறத்தாழப் பொருந்தும்.

இது அயல்நாட்டுச் செய்தி மட்டுமன்று. மும்பை, புதுதில்லி, கொல்கத்தா முடுக்கி நிலையங்களில் மாறிமாறி அமைக்கப்பட்டுவரும் இந்திய தேசியக் காமா உணரி அணி, இத்தகைய கதிர்களையே எண்ணி ஆராய்கிறது. அங்கே நாளை பணியாற்ற வேண்டியவர்கள் நீங்கள் அல்லவா? பாடநூலில் உருண்டைக்குப் பக்கத்தில் நீண்ட அணுக்கரு ஒன்றையும் வரையட்டும். அதுவரை, உங்கள் நூலில் நீங்களே வரைந்துகொள்ளுங்கள்.