ராஜி ஏன் பாடிப் போகவில்லை?

'பைசன் காளமாடன்' 2025 அக்டோபர் 17 அன்று, தீபாவளிக்குச் சற்று முன்னால் வந்தது. விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தபோது என் வகுப்பில் பாதிப் பேர் பார்த்திருந்தார்கள். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தியிலிருந்து கிளம்பி, 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் இடம்பெற்று, அர்ஜுனா விருதும் பெற்ற மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த படம். நம்ம ஊர், நம்ம பேச்சு, நம்ம செம்மண். பிள்ளைகளுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான்.

கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "ராஜிக்கும் கபடி தெரியும்லாம்மா?"

ராஜி, நாயகன் கிட்டானின் உடன்பிறந்தவள். ரஜிஷா விஜயன் நடித்திருக்கிறார். தாயில்லாத வீட்டில் அவனுக்குத் துணையாக, அவன் ஆடுவதற்கு ஆதரவாக நிற்கிறவள். படம் பார்க்கும்போது எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. முனைவர் பட்டம் வாங்கியவளுக்குத் தோன்றாதது இரண்டாம் ஆண்டு மாணவிக்குத் தோன்றியிருக்கிறது.

படத்தின் பலம் அப்பா வேலுசாமியின் பயத்தில் இருக்கிறது. பசுபதி அதைக் கண்ணிலேயே வைத்திருக்கிறார். மகன் ஆடக்கூடாது என்கிறவர் வில்லன் இல்லை. தொண்ணூறுகளில் இந்தப் பக்கம் வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும். கபடி தொட்டு ஆடுகிற ஆட்டம். யார் யாரைத் தொடலாம் என்று வகுத்து வைத்திருக்கும் ஊரில், ஒருவன் காலை இன்னொருவன் பிடித்து மண்ணில் சாய்த்தால் அது ஆட்டக்களத்தோடு முடியாது. பையன் உயிரோடு திரும்ப வேண்டுமே என்பதுதான் அப்பாவின் கவலை. பி.டி. வாத்தியார் அவனுக்காகப் பேசும் இடங்களில், ஆசிரியராக நான் நெகிழ்ந்துபோனேன்.

ஆனால் ஒரு பெண்பிள்ளைக்காகப் பேசப் போகும் ஆசிரியர் என்னவெல்லாம் கேட்க வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவியைக் கல்லூரி அணிக்கு அனுப்பச் சொல்லி திரேஸ்புரம் பக்கம் அவள் வீட்டுக்குப் போனேன். அப்பா கடலுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். மரியாதையாகப் பேசினார். "டவுசர் போட்டுக்கிட்டா டீச்சர் ஆடணும்?" "எத்தனை மணிக்கு விடுவீங்க?" "கூட யாரு வருவா?" எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அவள் எப்படி ஆடுவாள் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரே ஒரு போட்டிக்கு வந்தாள்.

இரண்டு அப்பாக்களின் பயமும் வேறுவேறு என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை. மகன் கோட்டைத் தாண்டினால் வெட்டுவார்கள் என்று அஞ்ச வைப்பதும், மகள் வெளியே போனால் யாரோடு பேசுவாளோ என்று அஞ்ச வைப்பதும் அதே சாதிதான். அது தன் எல்லையைப் பெண்ணின் உடம்பில்தான் வரைந்து வைத்திருக்கிறது. 'பைசன்' முதல் பயத்தை நேர்மையாக, ஆழமாகக் காட்டுகிறது. இரண்டாவது பயம் அதே வீட்டில், ராஜியின் உருவில் நடமாடியும் படம் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

முத்துக்குளித்த இந்தக் கடற்கரையில் ஒரு வழக்கம் சொல்வார்கள். மூச்சடக்கி மூழ்குகிறவனுக்கு மேலே கயிறு பிடிப்பது மச்சானாக இருக்க வேண்டும். கூடப்பிறந்தவள் தாலி போய்விடக் கூடாதே என்று கயிற்றை விடமாட்டான். ஆண்கள் இருவர், நடுவில் ஒரு கயிறு. படகிலேயே இல்லாத ஒரு பெண் அதற்குப் பிணை. நம் விளையாட்டுப் படங்கள் பலவற்றில் அக்காக்களுக்கும் காதலிகளுக்கும் இந்தப் பிணையின் இடம்தான். மூழ்கும் உரிமை அவர்களுக்கு இல்லை.

இது கணேசனின் கதை, அவர் வீட்டுப் பெண்ணின் கதை இல்லை என்று சொல்லலாம். நியாயம்தான். ராஜி ஆடியிருந்தாலும் எங்கே போயிருப்பாள்? ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடி 1990இல் பெய்ஜிங்கில் வந்துவிட்டது. பெண்கள் கபடிக்கு 2010 குவாங்சோ வரை, 20 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. புரோ கபடி 2014இல் தொடங்கி இன்றும் நடக்கிறது. பெண்களுக்கென்று 2016இல் மூன்றே அணிகளோடு ஒரு தொடர் நடத்தினார்கள். ஒரு பருவத்தோடு சரி.

படம் திரையரங்கில் ஓடிக்கொண்டிருந்தபோதே, பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி இறுதிப் போட்டியில் ஈரானை 75-21 என்று வென்றது. துணைத் தலைவி சென்னைக் கண்ணகி நகர் கார்த்திகா. நகரம் தன் ஏழைகளைக் கொண்டுபோய்க் கொட்டிய இடம் என்று பெயர் வாங்கிய பகுதி அது. அரசு 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. என் மாணவிகளின் வாட்சப் ஸ்டேட்டஸ் முழுக்க அவள் முகம். நானும் வைத்தேன். ஆனாலும் உறுத்தியது. தங்கம் வந்த பிறகு பெருமைப்பட எனக்கு என்ன செலவு?

காரணம் இருக்கிறது. பத்தாவது படிக்கும் என் மகள் குறுவட்டப் போட்டிக்குப் போயிருந்த அன்று மாலை, யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டாள். பின்னால் ஒரே கூச்சல். எடுத்ததும் நான் கேட்டது, "எத்தனை மணிக்கு வருவ?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "ஜெயிச்சோமான்னு கேக்கமாட்டியாம்மா?" என்றாள். திரேஸ்புரத்து அப்பாவிடம் நான் மனத்துக்குள் நடத்திய விவாதமெல்லாம் அந்த இடத்தில் உளுத்துப் போயிற்று. பெண்ணியக் கவிதை எழுதுகிறவள் என்றெல்லாம் அந்தக் கேள்வி பார்க்கவில்லை.

அடுத்த வாரம் வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தேன். ராஜி பாடிப் போகும் ஒரு காட்சி எழுதுங்கள், ஒரு பக்கம் போதும். பெரும்பாலானவர்கள் அவளைக் கோப்பை வாங்க வைத்திருந்தார்கள், பின்னணி இசையோடு. கடைசி வரிசைக்காரியின் காட்சியில் கோப்பை இல்லை, கூட்டம் இல்லை. அறுப்பு முடிந்த வயலில் ராஜியும் நாலைந்து பெண்களும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆடுகிறார்கள். அப்பா வருகிறாரா என்று பார்த்துச் சொல்ல, கிட்டான் வரப்பில் நிற்கிறான். 'வரப்பு' என்பதற்கு வல்லின றகரம் போட்டிருந்தாள். திருத்திவிட்டுப் பத்துக்கு ஒன்பது போட்டேன்.